மாதம் ஒரு கிலோ போதும்

எடை குறைக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ, எத்தனை நாளில்?" என்பதுதான். "தை மாதம் தங்கச்சி கல்யாணம், அதற்குள் பதினைந்து கிலோ குறையணும்" என்பார் ஒருவர். "டாக்டர் இருபது கிலோ அதிகம் என்று சொல்லிவிட்டார், ஆறு மாதத்தில் முடித்துவிடலாமா?" என்பார் இன்னொருவர். திருச்சியில் ஒரு சர்க்கரை நோய் சிகிச்சை மையத்தில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்தப் பதில்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. பாதியில் விட்டுவிடுகிறவர்களை மனஉறுதி இல்லாதவர்கள் என்று சொல்வது அநியாயம். நாலரை மணிக்கு எழுந்து மூன்று பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு, ஏழரை பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போகிற பெண்ணிடம் உறுதிக்கு என்ன குறைச்சல்? அவர் பிடித்துக்கொண்ட எண்தான் தப்பு. தர முடியாததை உடம்பிடம் கேட்டால் மூன்றாவது வாரத்தில் அது கைவிரித்துவிடும்.

அதனால் எண்ணை எப்படிப் போடுவது, போட்ட எண்ணை எப்படி அடுப்படி வேலையாக மாற்றுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பெரிய எண்ணை ஒதுக்கி வையுங்கள்

என்னிடம் வந்த ஓர் அக்காவை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது நாற்பத்தாறு, உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 32 வரும். இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். மேலைநாட்டு வரம்பு 25, 30. அவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்துவிடுவதால் இந்த வித்தியாசம். சரி, இந்த அக்கா 23-க்கு வர வேண்டுமென்றால் 56 கிலோவுக்கு இறங்க வேண்டும். அதாவது 22 கிலோ. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து அவரே இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

அந்த 22-ஐ மறந்துவிடுங்கள் என்றேன். முதல் இலக்கு, இப்போது இருக்கும் எடையில் 5 சதவீதம். 78-க்கு 5 சதவீதம் ஏறக்குறைய 4 கிலோ. காலம் ஆறு மாதம். அவ்வளவுதான்.

நாலு கிலோவில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பார்கள். நிறையவே ஆகும். 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மூன்றும் இறங்கத் தொடங்குகின்றன. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களைக் கொண்டு நடத்தி 2002-ல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வில், அவர்களுக்குக் கொடுத்த இலக்கே 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான். அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை! மெஷினில் முள் நகராத வாரங்களில் யாராவது அழுதுகொண்டு வந்தால் நான் சொல்வது இந்த ஆய்வைத்தான். நீங்கள் நடந்த நடை வீணாகப் போகவில்லை. மெஷினுக்குத் தெரியாத இடத்தில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

பெரிய எண் ஏன் ஆபத்து என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம், எவ்வளவு குறைந்தால் சந்தோஷம், எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை, எவ்வளவு மட்டும் குறைந்தால் ஏமாற்றம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டது, இருந்த எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைய வேண்டும் என்று. 48 வாரச் சிகிச்சை முடிவில் சராசரியாக 16 கிலோ குறைந்தார்கள். அது அபாரமான பலன். ஆனாலும் அவர்களில் 47 சதவீதம் பேர், தாங்களே 'ஏமாற்றம்' என்று குறித்து வைத்த எடையைக்கூடத் தொடவில்லை. 1997-ல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. பதினாறு கிலோ குறைத்தும் தோற்றுப் போனதாக நினைக்க வைத்தது அந்த எண்.

இலக்குப் போடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள்

இதைக் கடைசியில் சொன்னால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்களும் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். மருந்தின் அளவை டாக்டர் சரிசெய்த பிறகுதான் தட்டில் கை வைக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை இறங்க இறங்க அளவு மாற வேண்டியிருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் யாரும் இந்தக் கணக்கைத் தாங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் என்றால் எடையைவிடத் தசை முக்கியம். அவர்களுக்கு இலக்கே வேறு.

இன்னொன்று. எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். "டயட்டே இல்லை, ரெண்டு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே வந்தவருக்குச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி சிறுநீர், தாகம், கூடவே எடை இறக்கம் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மாதம் ஒரு கிலோ எங்கிருந்து வரும்?

வாரம் அரைக் கிலோ வரை குறைவது பாதுகாப்பு என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு. அமெரிக்க வழிகாட்டிகள் வாரம் ஒரு கிலோ வரைகூடப் போகின்றன. நான் நம் ஊர்ப் பெண்களுக்கு வாரம் கால் கிலோ, அதாவது மாதம் ஒரு கிலோ என்றுதான் வைக்கிறேன். காரணம் எளிமையானது. உட்கார்ந்து வேலை பார்க்கும் 55 கிலோ இந்தியப் பெண்ணுக்கு நாள் தேவை 1660 கலோரி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 78 கிலோ இருப்பவருக்கு அதைவிடச் சற்றுக் கூடும், ஆனால் மலையளவு கூடாது. வாரம் அரைக் கிலோவுக்குத் தினம் 500 கலோரிக்கு மேல் வெட்ட வேண்டும். ஆறடி உயரமுள்ளவருக்கு அது தட்டின் ஓரம். நம் அக்காவுக்கு அது கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. வெட்டலாம், ஆனால் வேலைக்கும் போய்க்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடியாது. எந்தக் காரணத்துக்காகவும் நாளுக்கு 1000 கலோரிக்குக் கீழே மட்டும் தானாக இறங்கவே கூடாது.

உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. தினம் 250 கலோரி குறைத்தால் முப்பது நாளில் 7500. ஆக, ஆரம்ப மாதங்களில் மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ. இந்த 250-ஐப் பட்டினி கிடக்காமல் எடுக்க முடியுமா என்று அந்த அக்காவோடு உட்கார்ந்து அவருடைய ஒரு நாளை எழுதினோம்.

காலை எழுந்ததும் ஒரு டம்ளர் காபி, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் 5 கிராம், அதில் 20 கலோரி. மூன்று டம்ளருக்கு 120. இரண்டு ஸ்பூனை அரை ஸ்பூனாக்கினால் நாளுக்கு 90 மிச்சம். ஒரே நாளில் அரை ஸ்பூனுக்குப் போக வேண்டாம் என்றேன். முதல் வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று, அதற்கடுத்து அரை. நாக்கு பழகிவிடும். இடையில் ஊருக்குப் போய் யாராவது பழைய காபியைக் கொடுத்தால், "அய்யோ, பாயசம் மாதிரி இருக்கே" என்று நீங்களே சொல்வீர்கள்.

அடுத்தது எண்ணெய். இதை மேஜை ஸ்பூனில் அளக்கச் சொன்னால் யாரும் அளப்பதில்லை, அளக்க நேரமும் இல்லை. மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று கேட்பதே சுலபம். அவர் வீட்டில் நாலு பேர், மாதம் நாலு லிட்டர். ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் நாளுக்கு 30 கிராம், அதாவது 270 கலோரி எண்ணெயாகவே உள்ளே போகிறது. மளிகைச் சீட்டில் நாலு என்பதை மூன்று என்று எழுதினால் போதும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 70 கலோரி குறைகிறது, வீட்டில் நாலு பேருக்கும். தனியாக டயட் சமையல் தேவையில்லை, யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். இருபத்தைந்தாம் தேதி டப்பா காலியானால் மாத முடிவு வரை வாங்காமல், ஆவியில் வேகிற பலகாரம், மோர்க்குழம்பு, துவையல் என்று ஓட்டிவிட முடியும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த இலக்கு இதுதான். ஒரு முறை மளிகைக் கடையில் முடிவெடுத்துவிட்டால் தினம் தினம் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது இரவுச் சாப்பாடு. சீரியல் முடிந்து ஒன்பதரைக்கு நாலு தோசை, அப்புறம் பிள்ளைகள் தட்டில் மீதம் வைத்தது. ஒரு தோசையைக் குறைத்தால் ஏறக்குறைய 120 கலோரி. வீட்டுக்கு வீடு தோசையின் கனம் மாறும், அதனால் இது உத்தேசக் கணக்குதான். மூன்று தோசைக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் காய் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம் நிறைய. மிச்சத்தைப் பற்றிக் கேட்டபோது, "சோத்தைக் குப்பையில போட மனசு வரலை" என்றார். அந்த மனசு நல்ல மனசு, அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் பிள்ளைகளுக்கு முதலில் இரண்டு மட்டும் வைப்பது, கேட்டால் சுட்டுத் தருவது என்று வைத்துக்கொண்டோம். மிச்சமே விழாவிட்டால் தின்ன வேண்டிய கட்டாயமும் இல்லை.

90, 70, 120. மொத்தம் 280. மத்தியானச் சோற்றை நாங்கள் தொடவே இல்லை. சோற்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்று வரும் பலர் முதல் நாளே சோற்றை நிறுத்திவிட்டு, நாலாம் நாள் இரட்டிப்பாகச் சாப்பிடுகிறார்கள். தட்டில் போடும் வரிசையை மட்டும் மாற்றச் சொன்னேன்: முதலில் பொரியலும் கூட்டும், அப்புறம் பருப்பு அல்லது முட்டை, கடைசியில் சோறு. புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், கீரை எதுவாக இருந்தாலும் தட்டில் பாதி இடம் அதற்கு. இப்படிப் போட்டால் சோற்றுக்கு மிஞ்சும் இடமே குறைவு. பருப்பையும் முட்டையையும் சுண்டலையும் தயிரையும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதமும் கொஞ்சம் உழைப்பும் இருந்தால்தான் தசை நிற்கும்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. அரை மணி வேக நடைக்கு இந்த எடையில் நூற்றிச் சொச்சம் கலோரி செலவாகும். ஒரு உளுந்து வடையில் அது திரும்பி வந்துவிடும். அதனால் நடையை மட்டும் நம்பி எடை குறைக்க முடியாது. ஆனால் குறைத்ததைக் காப்பாற்ற நடையைப் போல ஒன்று இல்லை, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது தனி மருந்து. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம். திருச்சி வெயிலில் பங்குனி முதல் வைகாசி வரை காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். முடியாதவர்களுக்கு இரவில் மொட்டை மாடி இருக்கிறது.

காலண்டரில் எழுதுவது

"கம்மியா சாப்பிடணும்", "நல்லா நடக்கணும்" என்றெல்லாம் இலக்கு வைக்காதீர்கள். இரவு படுக்கும்போது செய்தோமா இல்லையா என்று ஆம், இல்லை என்ற பதில் வர வேண்டும். "இரவு எட்டரைக்குள் மூன்று தோசை." "மூன்று காபி, அரை ஸ்பூன்." "காலை ஐந்தே முக்காலுக்குச் செருப்பைப் போட்டுக் கிளம்புவது." இப்படி மூன்றே வரி. இந்த வரிகளில் எடையை இலக்காக எழுதவே வேண்டாம். எடை உங்கள் கையில் இல்லை, தோசை உங்கள் கையில் இருக்கிறது.

எழுத வேண்டிய இடம், அடுப்படியில் பால் கணக்கும் கேஸ் மாற்றிய தேதியும் எழுதுகிற அதே மாதக் காலண்டர். செல்போனில் போட்டால் நாலு நாளில் மறந்துவிடும். மூன்றும் செய்த நாளுக்கு ஒரு டிக். இலக்கு, வாரத்துக்கு ஐந்து டிக். ஏழு என்று வைக்காதீர்கள், இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன். ஏழு வைத்தவர் செவ்வாய்க்கிழமை பிறந்தநாள் கேக் சாப்பிட்டால், "இந்த வாரம் போச்சு, திங்கள்ல இருந்து பார்த்துக்கலாம்" என்று மீதி ஐந்து நாளையும் கைவிடுகிறார். ஐந்து வைத்தவருக்கு அந்தக் கேக் கணக்கிலேயே இருக்கிறது. அவருக்கு எதுவும் உடையவில்லை, புதன்கிழமை வழக்கம்போலத் தொடர்கிறார்.

ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் மாற்றம் வேண்டாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க ஆசை வந்தால், பழையது ஒன்று யோசிக்காமலே நடக்கிற பழக்கமாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அதைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.

அடுப்படி உங்கள் கையில் இல்லையென்றால்? மாமியார் சமைக்கிறார், அல்லது ஹாஸ்டல் மெஸ், அல்லது மூன்று வேளையும் ஹோட்டல். அப்போது எண்ணெய் இலக்கு உங்களுக்கு ஆகாது. தட்டுக்கு வந்த பிறகு செய்யக்கூடியதை மட்டும் இலக்காக வையுங்கள்: இரண்டாம் முறை சோறு இல்லை, வடைக்குப் பதில் இட்லி, காபியில் சர்க்கரை தனியாகக் கேட்பது. சமைக்கிறவரிடம் "எனக்கு மட்டும் தனியா செய்யுங்க" என்று கேட்பதைவிட, "அத்தை, பொரியல் இன்னும் கொஞ்சம் கூட வைக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். கூடுதலாகக் கேட்டால் யாருக்கும் வருத்தமில்லை, சந்தோஷம்தான்.

எடை பார்க்கிற விதம்

வாரம் ஒரு நாள், ஒரே மெஷின், ஒரே நேரம். காலை எழுந்து கழிப்பறை போய் வந்த பிறகு, காபிக்கு முன், இலேசான உடையில். மெஷின் சமமான தரையில் இருக்க வேண்டும், பாய் மேலோ மிதியடி மேலோ வைத்தால் தப்பாகக் காட்டும். மருந்துக் கடையில் பார்த்ததையும் வீட்டில் பார்த்ததையும் ஒப்பிடாதீர்கள்.

ஒரே நாளுக்குள்ளேயே எடை ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்கும். முந்தின இரவு அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று உப்புத் தூக்கலாகச் சாப்பிட்டிருந்தால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். மாதம் ஒரு கிலோ குறைகிறவர் ஒரு நாளில் ஒரு கிலோ கூடியதாகப் பார்த்தால் ஒரு மாத உழைப்பு போய்விட்டது போலத் தெரியும். போகவில்லை, அது தண்ணீர். அதனால் வாரா வாரம் எழுதிவைத்து, நாலு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் முந்தைய மாதத்தோடு ஒப்பிடுங்கள். பெண்கள் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிட்டால் இன்னும் சரியாக இருக்கும்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது என்று விளம்பரம் செய்கிறார்களே, அதன் ரகசியமும் தண்ணீர்தான். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் அந்தச் சேமிப்பும் தண்ணீரும் வெளியேறும். மறுபடி சாப்பிட்டதும் இரண்டும் திரும்பி வந்துவிடும்.

எடையோடு இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். தையல்காரர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின், டேப் தோலை அழுத்தாமல். மாதம் ஒரு முறை. பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது நமக்கான வரம்பு. அந்த அக்காவுக்கு மூன்றாவது மாதம் எடை அசையவே இல்லை, இடுப்பு மூன்று செ.மீ. இறங்கியிருந்தது. டேப்பை நானே இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். அவர் அதைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டார்.

எடை நிற்கும்போது

நிற்கும். எல்லோருக்கும் நிற்கும். எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைந்துவிடுகிறது. போதாததற்குப் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, நிறைவைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. அதனால் 7700 கலோரிக் கணக்கு வருடம் முழுக்க நேர்கோட்டில் போகாது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் கொடுத்த கணக்கு இன்னும் நிஜமானது: தினம் 10 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஏறக்குறைய அரைக் கிலோ குறையும், அதில் பாதிக்கு ஒரு வருடம் ஆகும், மீதி இறங்கி முடிய மூன்று வருடம் போல ஆகும். இதைச் சொன்னால் சிலருக்குச் சோர்வு வருகிறது. எனக்கோ இதில் தெம்புதான் இருக்கிறது. காபியில் குறைத்த அந்த 90 கலோரி, நீங்கள் மறந்துபோன பிறகும் மூன்று வருடம் வேலை செய்யும் என்று அர்த்தம்.

மூன்று வாரம் நின்றால் எதையும் மாற்றாதீர்கள். ஆறு வாரம் நின்றால் காலண்டரைப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து டிக் என்பது நிஜமாகவே ஐந்தா, அல்லது நம்மையறியாமல் மூன்றாகிவிட்டதா? மளிகைச் சீட்டில் எண்ணெய் மறுபடி நாலாகியிருக்கிறதா? பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். அப்படியும் காரணம் தெரியவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை, எடுக்கிற மருந்துகள் இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்துவது, யாரோ கொடுத்த பொடியைக் கரைத்துக் குடிப்பது இரண்டும் வேண்டாம்.

கல்யாணத் தேதி வைத்துக்கொண்டு அவசரப்படும் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. கடுமையாகப் பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். ஐப்பசியில் பட்டினி கிடந்தவளுக்குச் சரியாகத் தை மாத முகூர்த்தத்தில் முடி கொட்டுகிறது. பன்னிரண்டு வாரம் இருக்கிறது என்றால் மூன்று கிலோ என்று எண்ணி, ரவிக்கை அளவைக் கடைசி வாரத்தில் கொடுங்கள்.

ஆடியிலிருந்து மார்கழி வரை

ஆறு மாதம் குறைப்பது இலக்கின் பாதிதான். அடுத்த ஆறு மாதம் அதே எடையைப் பிடித்து வைப்பது மீதிப் பாதி. பலரும் இந்தப் பாதிக்கு இலக்கே போடுவதில்லை. 74-ஐத் தொட்டதும் காலண்டரை விட்டுவிடுகிறார்கள், தீபாவளிக்குள் 78 வந்துவிடுகிறது.

நம் பண்டிகைகள் இதற்குத் தோதாகவே அமைந்திருக்கின்றன. ஆடிக் கூழ், ஆவணிக் கல்யாணங்கள், நவராத்திரிச் சுண்டல், தீபாவளிப் பலகாரம், கார்த்திகைப் பொரி, மார்கழி வெண்பொங்கல் என்று சாப்பாட்டு நாட்களில் பெரும்பகுதி வருடத்தின் பிற்பாதியில் வருகிறது. தையில் தொடங்கி ஆனி முடிய குறைப்பது, ஆடி முதல் மார்கழி வரை பிடித்து வைப்பது என்று வருடத்தைப் பிரித்தால் பண்டிகையோடு சண்டை போட வேண்டியதில்லை. ஐப்பசி மாத இலக்கு, எடை கூடாமல் இருப்பது மட்டும்தான். அதிரசம் சாப்பிடுங்கள். வீட்டில் செய்ததை, பண்டிகை அன்று, உட்கார்ந்து சாப்பிடுங்கள். பக்கத்து வீடுகளிலிருந்து வந்த ஏழு டப்பாவையும் அடுத்த இரண்டு வாரத்துக்குத் தேநீரோடு தின்று தீர்ப்பதுதான் எடையைக் கூட்டுகிறது; மூன்றாம் நாள் அதை வேலையிடத்துக்கு எடுத்துப் போய்ப் பகிர்ந்துவிடுங்கள்.

அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது காப்பாற்றியவர்களின் பழக்கங்களைச் சேகரித்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் காலை உணவை விடுவதில்லை, வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், தினம் ஒரு மணி நேரம் போல நடக்கிறார்கள் அல்லது உழைக்கிறார்கள். பிடித்து வைக்கும் மாதங்களில் தட்டு கொஞ்சம் தளரலாம். நடையும் வார எடையும் தளரக் கூடாது. ஓர் எல்லைக்கோடும் வேண்டும். 74-க்கு வந்தவர் 76-ஐத் தொட்டால் அன்றைக்கே பழைய மூன்று வரியையும் காலண்டரில் திரும்ப எழுதிவிட வேண்டும். இரண்டு கிலோவில் பிடித்தால் இரண்டு மாதத்தில் சரியாகும்.

மறு வருடம் தையில் அடுத்த சுற்று. புது எடையில் 5 சதவீதம், 74-க்கு மூன்றே முக்கால் கிலோ. மறுபடி ஆறு மாதம், மறுபடி மூன்று வரி. இரண்டு சுற்றில் ஏறக்குறைய 10 சதவீதம் ஆகிவிடும். சர்க்கரையும் அழுத்தமும் முழங்கால் வலியும் அதற்குள் கட்டுக்குள் வந்துவிட்டால் மூன்றாவது சுற்று வேண்டுமா என்று டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம். அந்த அக்கா இப்போது இரண்டாவது சுற்றில் இருக்கிறார். இந்த முறை அவர் காலண்டரில் எழுதிய முதல் வரி, சாயங்கால பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை என்பது. கடலையைத் தட்டில் கொட்டாமல் கைப்பிடியில் அளந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன்.